மருதாணி வேலியில் ஒரு சில்வண்டு

முதன்முதலில் இரத்தத்தைப் பார்த்தபோது அதைக் கோவைப்பழம் என்று நினைத்தேன்.

அறுபத்திரண்டாம் வருடம், ஐப்பசி மாதம். மழை சற்று விட்டிருந்தது. வீட்டுப் பின்பக்கத்து மருதாணி வேலியில் ஒடிந்து தொங்கிய கிளையை வெட்டிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. இருமி நிமிர்ந்தால் இலைமேல் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தது. குயிலும் கொண்டைக்குருவியும் பழத்தைக் கொத்தி, சதையை அங்கங்கே சிந்திவிட்டுப் போகும். அதுதான் என்று எண்ணிக் கிளையை வெட்டி முடித்தேன். வாயைத் துடைத்த துண்டிலும் அதே சிவப்பு இருந்தபோதுதான் விளங்கியது.

என் உடம்பில் நடந்ததைத் தோட்டத்தில் நடந்ததாக எடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. கடைசித் தடவையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. காசநோய்க்கு நான் போட்டுக்கொண்ட அதே ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் சிலராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நான் சிதம்பரத்தில் ஒரு நீர்ப்பாசன அலுவலகத்தில் வரைபடம் போடுபவன். வாய்க்கால், மதகு, கரை ஆகியவற்றை அளவு தவறாமல் தாளில் இறக்குவது என் வேலை. அண்ணாமலை நகர் போகும் சாலைக்குச் சற்று உள்ளே எங்கள் வீடு. நானும் என் மனைவி அஞ்சலாட்சியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை.

வீட்டைச் சுற்றியிருந்த மனையில் நான் வளர்த்தது பூந்தோட்டம் அல்ல. குருவிகளுக்கு எது தேவையோ அதை வளர்த்தேன். கூடு கட்ட முள்ளுள்ள களாச்செடி, தேனுக்கு இட்லிப்பூவும் செம்பருத்தியும், பழத்துக்கு உன்னியும் கோவையும், மறைந்து உட்கார நொச்சியும் மருதாணியும். உதிர்ந்த சருகைக் கூட்டமாட்டேன். சருகுக்கடியில் புழு இருக்கும், புழுவுக்குத் தவிட்டுக்குருவி வரும். நிழலில் ஓர் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்திருந்தேன்.

என் மனைவியின் தம்பி கலியபெருமாள் கடலூருக்குப் பக்கத்தில் குடிகாட்டில் பயிர்வைக்கிறவன். வரும்போதெல்லாம் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பான்.

“மாமா, உள்ள வரலாமா? இல்ல, அருவாளோட வரணுமா?”

அந்தச் செடிகளுக்குள் எந்தப் பறவை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியும். பல வருடப் பழக்கம். செடி அடர்த்தியாக இருந்தால் பறவை கண்ணுக்குப் படாது. காதால்தான் பார்க்க வேண்டும்.

கடலூரில் காசநோய் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“வலது பக்கம், மேல பாருங்க. குழி விழுந்திருக்கு.”

குழி (கிருமி அரித்ததால் நுரையீரலுக்குள் உண்டாகும் வெற்றிடம்) ஒரு கோலிக்குண்டு அளவுக்கு இருந்தது. என் மனைவி படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதீங்கம்மா. முன்ன மாதிரி இல்ல, இப்ப மருந்து இருக்கு. ஆனா மருந்த விட்டு விட்டு எடுத்துக்கிட்டா அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

ஐசோனியசிட் (கிருமியைக் கொல்லும் மாத்திரை), அதோடு பி.ஏ.எஸ். (கிருமி பெருகாமல் தடுக்கும் தூள்) இரண்டையும் முதலில் கொடுத்தார். தூள் என் வயிற்றில் நிற்கவில்லை. தண்ணீரில் கலந்தாலும் மோரில் கலந்தாலும் வாந்தியாக வெளியே வந்தது, பிறகு பேதியும் சேர்ந்துகொண்டது. சில வாரம் பார்த்துவிட்டு அதை நிறுத்தி, தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து, இடுப்புச் சதையில் போடுவது) எழுதினார். எழுதும்போதே சொன்னார்.

“இந்த ஊசி சிலருக்குக் காதுல இறங்கும். இரைச்சல், தலைச்சுத்தல் எதுவா இருந்தாலும் உடனே சொல்லணும். சொல்லாம இருந்துடாதீங்க.”

சொல்கிறேன் என்றேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு.

பின்கட்டு அறையில் கட்டில் போட்டார்கள். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், துப்புவதற்கு மூடிபோட்ட டப்பா. எழுந்து உட்காரக்கூடக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ஜன்னல் உயரத்தில் இருந்தது. படுத்தபடி பார்த்தால் முருங்கைமரத்தின் உச்சியும் வானமும்தான் தெரியும். வேலி தெரியாது. சட்டி தெரியாது. கட்டிலைத் தள்ளிப்போட்டுத் தரட்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். எனக்குக் காது போதும்.

உண்மையில் அந்த முதல் மாதத்தை அதுதான் தாங்கிப்பிடித்தது. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே தோட்டம் என் தலைமாட்டில் இருந்தது. இருட்டு கலையும் முன் செம்போத்து அடிக்குரலில் முழங்கும். பிறகு புறா. வெயில் ஏறும்போது தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டு சண்டை போடும். நடுப்பகலில் எல்லாம் ஓய்ந்த பிறகும் தையல்சிட்டு விடாது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குருவி உரலில் குத்துவதுபோல் ஒரே ஒலியை அடித்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் பார்க்காமலே எந்நேரம் என்று எனக்குத் தெரிந்தது. இவற்றையெல்லாம் படுத்தபடியே நாட்குறிப்பில் எழுதி வந்தேன்.

ஊசி போட வந்தவர் காதர் பாய். பக்கத்துத் தெருவில் இருந்த கம்பவுண்டர். சைக்கிளை வேலியோரம் சாத்தும்போதே பேசத் தொடங்கிவிடுவார்.

“இன்னைக்கு எந்தப் பக்கம் சார்? இடது பக்கம் நேத்தே என்னயத் திட்டிச்சு.”

“வலது பக்கம் முந்தாநாள் திட்டிச்சு.”

“அப்ப ரெண்டுக்கும் பொதுவா நடுவுல போட்டுடலாமா?”

ஊசி போட்டு முடித்துப் பஞ்சால் தேய்க்கும்போது மட்டும் அவர் குரல் மாறும். டாக்டர் சொல்லியனுப்பிய கேள்வியை ஒருநாளும் தவறாமல் கேட்பார்.

“காதுல இரைச்சல் கிரைச்சல் இருக்குதா சார்?”

மார்கழி பாதியில் ஒருநாள் நான் சொன்ன பதில் இது.

“காதுல ஒண்ணும் இல்ல பாய். வேலியில சில்வண்டு சத்தம்தான் ரெண்டு நாளா ஜாஸ்தியா இருக்குது.”

அவர் பஞ்சைப் பிடித்தபடியே ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“ரொம்ப மெல்லிசான சத்தம் பாய். பழகின காதுக்குத்தான் புடிபடும்.”

“அதுவும் சரிதான். எனக்குக் காக்காயிக்கும் கோழிக்குமே கல்யாணத்துக்கு அப்புறந்தான் வித்தியாசம் தெரிஞ்சிது” என்று சிரித்துக்கொண்டு பெட்டியை மூடினார்.

அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். இருவரும் கடமையைச் செய்தோம். மழைக்காலத்து வேலியில் சில்வண்டு இருப்பது இயல்பு. அது ஒரே சுருதியில், இடைவிடாமல், சிறு கம்பியை இழுத்துப் பிடித்ததுபோல் கத்தியது. எந்தச் செடியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே தூரத்தில் இருந்தது. சில்வண்டின் ஒலி அப்படித்தான் ஏமாற்றும் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயங்களே என்னைக் கெடுத்தன.

தை பிறந்தபின் தேன்சிட்டின் ஒலி நின்றது. பூவில் அது கிறீச்சிடும் ஒலி மிக நுண்மையானது. இட்லிப்பூ குறைந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்துத் தையல்சிட்டு போயிற்று. இது எனக்குத் தாங்கவில்லை. செம்பருத்தி இலை இரண்டைச் சேர்த்துத் தைத்து அது கூடு கட்டும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ‘தையல்சிட்டு வரவில்லை’ என்று நாட்குறிப்பில் எழுதினேன். ‘கேட்கவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். அளவு பிசகாமல் கோடு போடுகிறவனுக்கு அந்த இரண்டும் வேறு என்று தோன்றவில்லை.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் கஞ்சித் தட்டோடு நின்றாள்.

“அது அங்கதான் கத்திகிட்டுக் கெடக்கு. எனக்குக் கேக்குதே.”

“நீ கேக்கறது கொண்டைக்குருவி.”

“கொண்டைக்குருவி எனக்குத் தெரியாதா?”

“ஒனக்கு எல்லாம் குருவிதான். இது வேற. ஒரே சத்தத்தயே அடிச்சிகிட்டு இருக்கும்.”

“அதத்தாங்க சொல்றேன்.”

நோயாளியின் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறாள் என நினைத்தேன். அப்படி நினைத்ததும் அவள்மேல் எரிச்சல்தான் வந்தது.

அந்தச் சமயத்தில் முருங்கைமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் ஊரிலிருந்து பாலும் முட்டையும் கொண்டுவந்தவன், பூச்சி அக்காமேல் விழுவதைப் பார்த்துவிட்டு, வயலுக்கு வாங்கியிருந்த டி.டி.டி. பொடியில் (வெள்ளைப் பூச்சிமருந்து) கொஞ்சம் எடுத்துவந்து மரத்தடியில் தூவியிருந்தான். அது எனக்குத் தெரியவந்த அன்று, குருவிகள் ஏன் போயின என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. மருந்தில் புழு சாகும். புழு இல்லாத இடத்தில் தையல்சிட்டு நிற்காது. கணக்குப் பிசகாமல் வந்தது.

அடுத்த முறை அவன் வந்தபோது படுத்தபடியே அவனைப் பேசினேன்.

“ஏன் மாமா, பூச்சி அக்கா தோள்ல வுழுந்து தடிச்சிப்போயி கெடந்துது. அதுக்காவத் தூவுனேன். வேலிப் பக்கம் ஒரு சிட்டிககூடப் போவல.”

“காத்துல போவும்.”

“காத்துல போயி குருவி செத்துச்சா? எங்க, ஒரு குருவியாச்சும் கீழ கெடந்துதா?”

“சாவணும்னு இல்ல. தீனி இல்லன்னா வேற எடம் பாத்துக்கும்.”

அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“மாமா, அந்தா கத்துதே, அது என்னா?”

“கொண்டைக்குருவி.”

“சரிதான். அக்கா, இவுருக்கு நெஞ்சுல மட்டும் இல்ல நோவு. குருவியாம் குருவி. மனுசன் இங்க ரத்தமா துப்புறாரு, அதுக்கு எவனும் கேள்வி கேக்கல.”

முட்டைக் கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு வரவில்லை. பாலும் முட்டையும் வருவது நின்றது. எனக்குச் சத்தான சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி அதற்காகத் தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். அதோடு நான் விடவில்லை. போன குருவிகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று புதிதாக இட்லிப்பூச் செடிகள் நடச் சொன்னேன். களாச்செடிக்கு அருகே சட்டியை மாற்றிவைக்கச் சொன்னேன். அவள் என் துணிகளைக் கொதிநீரில் போட்டு அலசி முடித்த கையோடு, கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கிப்போய் அந்தச் செடிகளுக்கு ஊற்றினாள். அவள் வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கியதைக் கவனித்தேன். செடிகள் துளிர்த்துவிட்டனவா என்று கேட்டேன்.

பங்குனியில் எடுத்த எக்ஸ்ரேயில் குழி சற்றுச் சுருங்கியிருந்தது. சளியில் கிருமி இன்னும் இருந்தது. காலை வெயிலில் வெளியே உட்காரலாம் என்று அனுமதி கிடைத்தது. எழுந்து நடந்தபோது தரை படகுபோல் அசைந்தது. படுத்தே கிடந்த பலவீனம் என்று நினைத்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாள். மாதக்கணக்கில் காதால் மட்டும் அறிந்த இடத்தை அன்று கண்ணால் பார்த்தேன். புதிய இட்லிப்பூச் செடிகள் பூத்திருந்தன. மருதாணியின் தாழ்ந்த கிளை ஒன்றில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், தையல்சிட்டு உட்கார்ந்திருந்தது.

மகிழ்ச்சியில் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன். திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அது வாலை நிமிர்த்திக்கொண்டு, அலகைத் திறந்து மூடி, திறந்து மூடி, உடம்பு முழுவதும் அதிர நின்றது. கத்தும்போது விரியும் கழுத்துத் தோலின் கருமைகூடத் தெரிந்தது. ஒலி இல்லை.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை என்பதை எழுதியாக வேண்டும். அந்தக் குருவிக்குத் தொண்டையில் ஏதோ நோய் என்றுதான் நினைத்தேன்.

“இங்க வாயேன். இத பாரு. பாவம், கத்தப் பாக்குது, சத்தம் வரல. அந்த மருந்துதான் தொண்டைய அரிச்சிருக்குது.”

அவள் வந்து பார்த்தாள். குருவியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னாங்க, அது காதப் பொளக்குதுங்க.”

சில்வண்டு மட்டும் கத்திக்கொண்டிருந்தது. பங்குனி வெயிலில், சருகு காய்ந்து நொறுங்கும் வேலியில், சில்வண்டு கத்துவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடலூருக்குப் போக அவள் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். அவன் வந்தான். சண்டையைப் பற்றிப் பேசவில்லை. நான் பேச வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னான். பஸ் இரைச்சலில் எனக்கு எட்டவில்லை. என் காதருகே குனிந்து கத்தினான்.

“இனிமே ஒங்களத் திட்டணும்னா சத்தமாத் திட்டணும் போலருக்கு மாமா! ஊருக்கே தெரிஞ்சிடும்!”

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிரித்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

கடலூரில் காது டாக்டர் ஒருவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். அதில் இசைக்கவைகள் (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவைகள்) சிறிதிலிருந்து பெரிது வரை அடுக்கியிருந்தன. சிறியதைத் தட்டி என் காதருகே பிடித்தார். அதன் நுனி நடுங்குவதைக் கண்ணால் பார்த்தேன். கேட்கவில்லை. அடுத்ததும் அப்படியே. நடுவில் இருந்தது தூரத்தில் கேட்டது. பெரியது நன்றாகக் கேட்டது. செவி நரம்பில் (ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) மேல்சுருதிப் பகுதி போய்விட்டது என்றார். தரை அசைந்ததும் அதே நரம்பைச் சேர்ந்த கோளாறு.

காசநோய் டாக்டர் கோபப்பட்டார். “தெனம் கேக்கச் சொல்லியிருந்தேனே!”

“தெனமும் கேட்டாருங்க. நான்தான் சில்வண்டுன்னு சொன்னேன்.”

அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு குரலை இறக்கி, ஆனால் எனக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். போனது திரும்பாது. ஊசியை நிறுத்தினால் மிச்சம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும். அதன்பின் எந்த மருந்தும் எடுபடாது. தூளோ என் வயிற்றில் தங்காது. வேறு மருந்துகள் இந்த ஊரில் கிடைக்காது, பட்டணத்திலும் சுலபமில்லை. தினமும் போடுவதை வாரத்தில் இரண்டு தடவையாக்கலாம், அதுவும் காதுக்கு உத்தரவாதம் இல்லை.

“வெளிய போயி ஒக்காந்து பேசிட்டு வாங்க. நீங்கதான் சொல்லணும்.”

வராந்தாவில் பெஞ்சு இருந்தது. எதிரே ஒரு சிறிய பெண் தன் தகப்பனுக்கு ஆரஞ்சுச் சுளையை ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு சுளைக்கும் இளைப்பாறிக்கொண்டார்.

நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். குயில் இன்னும் கேட்கிறது. தவிட்டுக்குருவி பாதி கேட்கிறது. புறாவும் செம்போத்தும் முழுதாக இருக்கின்றன. அவற்றையாவது வைத்துக்கொண்டு, தூளை மறுபடி முயன்று பார்க்கலாமா என்று.

கலியபெருமாள் எழுந்து தூணருகே போய்விட்டான். என் மனைவி என்னைப் பார்த்து, வாயசைவு தெரியும்படி பேசினாள். அப்படிப் பேச அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

“குருவி கத்தி நீங்க என்னா பண்ணப்போறீங்க? பதில் சொல்லப் போறீங்களா?”

எதிரே பார்த்த என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அதுக்கு நீங்க பேரு வெச்சிங்க, செடி வெச்சிங்க, தண்ணி வெச்சிங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. தண்ணி தூக்கு தூக்குன்னிங்க, தூக்கனேன். இப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ராத்திரில நீங்க மூச்சு வுடறது எனக்குக் கேக்கணும். அது நின்னுடுச்சான்னு எழுந்து எழுந்து பாத்துகிட்டுக் கெடக்கறேன். ஒங்க காது போனாப் போவட்டும். என் காதுல அது வுழுவணும்.”

உள்ளே போய் ஊசியைத் தொடரச் சொன்னேன்.

காதர் பாய் மறுபடி வந்தபோது சைக்கிளைச் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றார். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

“பழகின காதுன்னு சொன்னீங்களே சார்” என்றார். அவர் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

“வாங்க பாய். இன்னைக்கு இடது” என்றேன்.

அதன்பின் நடந்ததை நான் தெரிந்தே அனுபவித்தேன். முன்பு போனவை தெரியாமல் போனவை. இவை வரிசையாக, மேலிருந்து கீழாக, நான் பார்த்திருக்கப் போயின. தவிட்டுக்குருவிகளின் சண்டை முதலில் சருகின் சலசலப்பை இழந்தது, பிறகு குரலை. கொண்டைக்குருவி சித்திரையில் போயிற்று. குயில் அந்த வருடம் உச்சத்துக்கு ஏறும் குரலின் அடிப்படியில் மட்டும் கேட்டு, பாதியில் அறுந்தது. பிறகு அடிப்படியும் இல்லை. புறா வைகாசி வரை தாங்கியது.

கடைசியாக நின்றது செம்போத்து. அதன் குரல் பானைக்குள் ஊதுவதுபோல் ஆழமானது. அதைக் கேட்பதற்காகவே விடியுமுன்னே விழித்துக் கிடந்தேன். ஒருநாள் கேட்டது. மறுநாள் கேட்டதுபோல் இருந்தது. அடுத்த நாள் நான் கேட்டது நினைவில் இருந்த குரலா, வேலியில் இருந்த குரலா என்று பிரிக்க முடியவில்லை. கடைசியாகக் கேட்ட நாள் எது என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் குறித்துவைப்பவன் நான். அந்த நாள் மட்டும் என்னிடம் இல்லை.

நோய் குணமாயிற்று. சளியில் கிருமி இல்லை, குழி மூடி ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் படத்தில் தெரிகிறது. அடுத்த வருடம் வேலைக்குத் திரும்பினேன். வரைபடம் போடக் காது தேவையில்லை. அதிகாரி சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி மேசைமேல் வைக்கிறார். முன்னைவிட வேலை ஒழுங்காக நடக்கிறது என்று யாரிடமோ சொன்னாராம்.

இதைப் படிக்கும் நோயாளிகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஊசியை நிறுத்தாதீர்கள். ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால், அது என்னவென்று உங்களுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்கவில்லை என்று அவர் சொன்னால் அவரை நம்புங்கள். ஒரு சத்தம் நின்றுபோனால் அப்போதும் அவரையே கேளுங்கள். நேரத்தோடு சொன்ன சிலருக்குக் காது தப்பியதாக டாக்டர் பிறகு சொன்னார். எல்லோருக்கும் தப்புவதில்லை என்றும் சொன்னார்.

தோட்டம் இருக்கிறது. செடிகளை நானே கவனிக்கிறேன். பறவைகள் வருகின்றன, அலகுகள் அசைகின்றன. இலை அசைவதை வைத்து எது இருக்கிறது என்று சொல்லப் பழகியிருக்கிறேன். பாதி தவறாகிறது. அடர்ந்த செடிக்குள் இருப்பவை எனக்கு இல்லாதவையே. அவற்றுக்காகத்தான் அந்தச் செடிகளை அவ்வளவு அடர்த்தியாக வளர்த்தேன்.

உடம்பும் பழைய உடம்பு அல்ல. வெளிச்சத்தில் எல்லோரையும்போல் நடக்கிறேன். வெளிச்சம் இல்லாவிட்டால் எனக்குத் தரை இல்லை. கண்ணை மூடினால் எது மேல், எது கீழ் என்று கால் சொல்வதில்லை. அதனால் இருட்டு பிரியும் வரை கட்டிலைவிட்டு இறங்குவதில்லை.

விடியல் மற்றவர்களுக்கு முதலில் காதில் வருகிறது, பிறகுதான் கண்ணில். எனக்குக் கண்ணில் மட்டும். என் மனைவி இருட்டிலேயே எழுந்துவிடுகிறாள். அவள் எழுந்த பக்கம் படுக்கை சூடாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து, வெளியே ஏதோ கத்தத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன். அவளுக்கு நாள் பிறந்துவிட்டது. எனக்கு இன்னும் இல்லை. அந்த இடைவெளியில் கிடந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சதுரம் வெளுக்கும் வரை.